வேங்கடமும் முந்நீரும்: ஈழ அகதிகளின் கடற்பயணமும் திணைமரபும்

தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் தமிழ்நிலத்திற்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகக் கூறி, கிழக்கையும் மேற்கையும் கூறாது விடுகின்றது. அவ்விரு திசைகளிலும் கடலே எல்லையாதலின் தனித்துக் கூறவேண்டாவாயிற்று என்பது உரைமரபு. கூறப்பட்ட எல்லையைக் கடந்து செல்வோரைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பல பேசுகின்றன. கூறப்படாத எல்லையைக் கடப்போர்க்கு, அதிலும் பொருளீட்டவன்றி உயிர்பிழைக்கச் சிறுபடகு ஏறிக் கடப்போர்க்கு, அவ்விலக்கணத்தில் என்ன இடம் உண்டு? ஈழத்து அகதிகளின் எழுத்துகளைத் திணைக்கோட்பாட்டின் வழி விளக்க முற்படும் திறனாய்வுகள் பெருகியுள்ள நிலையில், இவ்வினாவை எழுப்பாமல் அப்பணியைத் தொடர இயலாது.

இத்திறனாய்வுகள் இரு வழிகளில் செல்கின்றன. கடலும் இரங்கலும் இருத்தலால் இவ்வெழுத்துகளை நெய்தல் என்பது ஒரு வழி. ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறியோர் எழுத்துகளைக் கருதி, பனியும் பனிசார்ந்த நிலமும் ஆறாம் திணை என்பது மற்றொரு வழி. முன்னது எளிது, பின்னது கவர்ச்சியானது. இரண்டும் படகை விட்டுவிடுகின்றன. கரையில் நிற்போரை ஒன்றும் சென்று சேர்ந்தோரை மற்றொன்றும் நோக்க, இடையில் நீரின்மேல் இருப்போர் எவர் கண்ணிலும் படுவதில்லை.

வேங்கடத்திற்கு அப்பால்

இன்றைய திருப்பதி மலைத்தொடரே சங்கப் பாடல்களின் வேங்கடம் என்பது பெரும்பாலோர் ஏற்ற முடிபு. மாமூலனார் பாடல்களில் அது புல்லி என்னும் தலைவனின் நாடாக வருகின்றது. அதற்கு அப்பாற்பட்டது மொழிபெயர் தேயம், அதாவது மொழி மாறிய நாடு. பொருள்வயின் பிரிந்த தலைவன் அங்குச் செல்கின்றான். தலைவி இல்லிருந்து ஆற்றுகின்றாள். செல்வோன் ஒருவன், இருப்போள் ஒருத்தி, மீள்வதற்கென ஒரு பருவம் ஆகிய மூன்றும் இல்லாமல் இப்பிரிவு பாடலாவதில்லை. குறுந்தொகையின் 11ஆம் பாடல் ஒரு புறனடை போன்றது. மாமூலனார் பாடிய அப்பாடலில் தலைவி தன் நெஞ்சை நோக்கி, தலைவன் மொழி மாறிய நாட்டில் இருப்பினும் அங்குச் செல்லத் துணிந்ததைக் கூறுகின்றாள். அது துணிவேயன்றிச் செலவு அன்று. எனினும் நிலவழியில் பெண் எல்லை கடக்க எண்ணுவதை மரபு தடுக்கவில்லை என்பது அதனால் பெறப்படும்.

கடல்வழி அவ்வாறன்று. அகத்திணையியல் நூற்பா ஒன்று, இளம்பூரணர் உரைப்படி, முந்நீர் வழிச் செல்லும் பிரிவு பெண்டிரொடு நிகழ்தல் இல்லை என விலக்குகின்றது. நச்சினார்க்கினியர் அச்சொல்லைக் கடல் எனக் கொள்ளாமல், ஓதல், தூது, பொருள் என மூன்று தன்மைப்பட்ட பிரிவு எனக் கொண்டு, அம்மூன்றிலும் தலைவியை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என்பர். இவ்விரு உரைகளுள் எது பொருந்தும் என்பது நெடிய விவாதம். ஈண்டு நோக்கத்தக்கது வேறொன்று. எவ்வுரையைக் கொள்ளினும் பெண் வீட்டில் இருக்கின்றாள். அவள் இருப்பதற்கு வீடும் இருக்கின்றது. வீடு எரிந்தபின் யார் இருப்பது, யார் செல்வது என்னும் வினா உரையாசிரியர் இருவர்க்கும் எழவில்லை. எழவேண்டிய தேவையும் அவர்க்கு இல்லை.

1983 சூலை வன்முறைக்குப் பிறகு பாக்கு நீரிணையைக் கடந்த படகுகளில் இருந்தோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அடங்கிய குடும்பத்தினர். கருவுற்ற பெண்களும் அவர்களுள் இருந்தனர். மணிரத்தினத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) திரைப்படம் இதனையே தன் கதையின் வித்தாகக் கொண்டது. விலக்கப்பட்ட முந்நீர்ச் செலவே வழக்கமாகிவிட்ட இந்நிலையில், அதனைப் பாலையின் பிரிவாகக் கொள்ளுதல் எங்ஙனம்? பிரிவு என்பதற்கு இருவர் வேண்டும். இங்கோ இருவரும் ஒரே படகில் உள்ளனர். பிரியப்படுவது ஆள் அன்று, ஊர்.

வங்கமும் திமிலும்

இவ்வெழுத்துகளை நெய்தல் என்பாரும் கலங்களின் பெயர்களை நுணுகி நோக்கவில்லை. நாவாய், வங்கம் என்பன பெருங்கலங்கள். அவை வணிகத்திற்கும் அரசிற்கும் உரியன. திமில், அம்பி என்பன பரதவர்க்கும் கரைவாழ்வார்க்கும் உரிய சிறுகலங்கள். வங்கம் நாடுவிட்டு நாடு செல்லும். திமில் இரவில் சென்று விடியலில் தன் கரைக்கே மீளும். நெய்தல் தலைவியின் இரங்கல், மீளும் இயல்புடைய திமில் மீளாமை குறித்தும் மீளும் தலைவன் காலந்தாழ்த்தல் குறித்தும் அமைவது. அகதி ஏறியது திமில். அவர் சென்றதோ வங்கம் செல்லும் செலவு. மீன்பிடிப்பதற்கென அமைந்த வள்ளத்தில் நாடு கடந்து செல்லுதல் என்னும் இம்முரணே அகதிப் படகின் அடிப்படை இயல்பு. பாக்கு நீரிணையோடு இது நிற்பதன்று. 1986 ஆகத்து 11ஆம் நாள் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழரை மீனவர் மீட்டனர். 2014இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகொன்றில் இருந்த 157 பேரை ஆத்திரேலிய அரசு நடுக்கடலில் மறித்துத் தன் கப்பலில் வாரக்கணக்கில் அடைத்துவைத்தது.

இவர்களைக் குறிக்க வழங்கும் 'புலம்பெயர்ந்தோர்' என்னும் சொல் பழமையானது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசிக் கலந்து இனிது உறைந்த அயல்நாட்டாரை அச்சொல்லால் குறிக்கின்றது. அவர்கள் வணிகர், விரும்பி வந்தவர், விரும்பின் மீள்பவர். அச்சொல்லையே அகதிக்கும் வழங்குவதால் பெருமை கிட்டியது உண்மை. ஆனால் வணிகர்க்கும் அகதிக்கும் உள்ள வேறுபாடு மறைந்தது. 'அகதி' என்பது வடசொல் என்று ஒதுக்கி 'ஏதிலி' என வழங்குவாரும் உளர். ஏதிலன் என்பதற்குச் சங்க வழக்கில் அயலான் என்பதே பொருள். கதியற்றவன் என்பதும் அயலான் என்பதும் ஒன்றல்ல. அயலான் எனப்படுவோனைப் பெயரிடுபவர் உள்ளூரார். தமிழகத்து முகாமில் இருப்போரைத் தமிழர் அயலார் என்பது தூய தமிழாயினும் நல்ல தமிழ் ஆகாது.

மணிமேகலைக் காப்பியம் இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. மணிபல்லவத் தீவிற்கு மணிமேகலையைக் கலத்தில் ஏற்றாது, துயிலும்போது தெய்வம் எடுத்துச் சென்றதாகச் சாத்தனார் பாடினார். முந்நீர் விலக்கை மீறாதிருக்க வான்வழியைக் கையாண்டாரோ என்று எண்ணத் தோன்றும். அதே தீவில் ஆபுத்திரன் நிலை வேறு. காற்றின் கடுமையால் நின்ற கலத்திலிருந்து இறங்கிய அவனை, ஏறிவிட்டான் எனக் கருதிக் கலம் விட்டுச் செல்கின்றது. ஊட்டுவதற்கு அமுதசுரபி கையில் இருந்தும் உண்பார் எவரும் இல்லாத தீவில் அவன் உண்ணாது உயிர்விடுகின்றான். இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளில் படகோட்டிகள் இறக்கிவிட்டுத் திரும்ப, இரவெல்லாம் குடிநீரின்றிக் காத்திருந்த அகதிகளின் செய்திகளைப் படித்தோர்க்கு இப்பகுதி வேறொரு பொருள் தரும். 2022 மார்ச்சு 22ஆம் நாள், இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வந்த 16 பேருள் ஒரு பிரிவினர் அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள நான்காம் மணல்திட்டிலிருந்தே மீட்கப்பட்டனர். புலம்பெயர் இலக்கியத்திற்குத் தொன்மையான மூலம் தேடுவோர் பட்டினப்பாலையை விடுத்து மணிமேகலைக்கு வருதல் பயன் தரும்.

மண்டபம்

வரலாற்றைச் சுருங்கக் கூறின் போதும். 1983 சூலை முதல் 2012 ஆகத்து வரை தமிழகம் வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர் என்பது இந்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. 1990 சூனில் போர் மீண்டும் மூண்டபோதும், 1995க்குப் பிறகும், 2006க்குப் பிறகும் அலையலையாக வந்தனர். இடையே திரும்பிச் சென்றோரும் திரும்பியபின் மீண்டும் வந்தோரும் பலர். அவர்கள் முதலில் பதிவு செய்யப்பெற்ற இடம் பெரும்பாலும் மண்டபம் முகாம். இம்முகாம் அகதிகளுக்காக அமைந்தது அன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளரைத் தடுத்துவைத்து நோய்ச் சோதனை செய்தற்பொருட்டு ஆங்கிலேயர் காலத்து இலங்கை அரசு நடத்தியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாத்திரி உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. அவ்வாறு தாயகம் திரும்பியோரும் இவ்வழியே வந்தனர்.

இதனால் ஓர் உண்மை புலனாகும். பெண்ணொடு கடல் கடத்தலைத் தமிழிலக்கியம் 1983இல் முதன்முறையாகச் சந்திக்கவில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' (1935) மருதியைக் கூலியாகக் கடல் கடக்கச் செய்தது. ஆனால் கதையின் கண் தோட்டத்தின்மேல் இருந்ததே தவிரக் கடலின்மேல் இல்லை. ஏழைப் பெண்டிர்க்கு முந்நீர் விலக்கு எப்போதோ நீங்கிவிட்டது. திணை பேசும் திறனாய்வு அதனைக் கவனியாது விட்டது.

படகில் இருப்போர்

கடற்பயணமே நடுவாக அமைந்த தமிழ்ப் புனைகதைகளுள் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) தலைமையானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சுமாத்திராவிலிருந்து பினாங்கு நோக்கிச் செல்லும் தொங்கான் புயலில் சிக்கும் பகுதி, தமிழ் உரைநடையின் உயர்ந்த பகுதிகளுள் ஒன்று. எனினும் அது வணிகஞ்சார்ந்த ஆடவர் உலகம். அவர்களுக்கு ஊரில் ஒரு வீடு உண்டு. மதுரைத் தெருக்கள் நினைவில் உண்டு. அச்சம் புயலால் வருவது; கரையால் வருவதன்று. சேரவேண்டிய கரை தம்மை ஏற்குமா என்னும் ஐயம் பாண்டியனுக்கு இல்லை.

சயந்தனின் 'ஆறாவடு' (2012) அவ்வையத்திலேயே தொடங்குகின்றது. இத்தாலி நோக்கிச் செல்லும் படகின் நிகழ்காலமும் அதில் இருப்போரின் போர்க்காலமும் மாறிமாறி வருமாறு அதன் கட்டமைப்பு அமைந்துள்ளது. படகு முன்னோக்கிச் செல்லச் செல்லக் கதை பின்னோக்கிச் செல்கின்றது. இவ்வமைப்பைத் திரைப்பட உத்தி என்று கூறி ஒதுக்குவது பொருந்தாது. படகில் ஒருவர் செய்யத்தக்க செயல் வேறில்லை. பாலைத் தலைவன் வழியில் மரத்தையும் யானையையும் கண்டு தலைவியை நினைக்கின்றான். அவன் நினைவைக் கருப்பொருள் தூண்டுகின்றது. படகில் கருப்பொருள் இல்லை. நீர் ஒன்றே உண்டு. அது எதனையும் நினைவூட்டுவதன்று. ஆதலின் நினைவு தன்போக்கில் வந்து நிரம்புகின்றது. முதற்பொருளும் கருப்பொருளும் நீங்கி உரிப்பொருள் மட்டும் எஞ்சுமிடத்து அதனைத் திணை எனல் தகுமா என்பது இந்நாவல் எழுப்பும் இலக்கண வினா. ஆறாம் திணை என்பார் பனியைக் கருப்பொருளாக்கி இவ்வினாவினின்றும் தப்புகின்றனர்.

தொ. பத்தினாதனின் 'போரின் மறுபக்கம்' (2007) தன்வரலாறு. 1990இல் இளம்வயதில் தமிழகம் வந்த அவர் நூலில் பெரும்பகுதி முகாம் வாழ்வே. பதிவு, பணக்கொடை, கணக்கெடுப்பு நாள், கியூ பிரிவினரின் விசாரணை, பத்தடிக்குப் பத்தடி அறை ஆகியவற்றைச் சுற்றி அவர் எழுத்துகள் சுழல்கின்றன. நூலில் இலக்கிய நயம் குறைவு என்பது எளிதில் கூறத்தக்க குறை. ஆனால் வரிசையில் நிற்பவரின் மொழி அப்படித்தான் இருக்கும். உவமை கூறுவதற்குத் தொலைவு வேண்டும். தலைமன்னாருக்கும் தனுசுக்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சில மணிநேரத்தில் அக்கடலைக் கடந்தவர் முகாமில் முப்பது ஆண்டுகள் இருந்தார் என்றால், எழுதவேண்டியது எது என்பதில் நூலாசிரியர் பிழை செய்யவில்லை.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) வேறொரு வாயிலைத் திறந்தது. அகதித் தகுதி வேண்டி அயல்நாட்டு அலுவலகத்திற்கு எழுதும் விண்ணப்பத்தின் வடிவில் அது தொடங்குகின்றது. புகலிடம் நாடுவோனின் வாழ்வை முதலில் கேட்பவர் நண்பர் அல்லர், அலுவலர். அவர் நம்பவேண்டும் என்பதற்காகவே அது சொல்லப்படுகின்றது. கொடையாளனை முன்னிறுத்திப் புலவன் தன் வறுமையைக் கூறும் பரிசில் கடாநிலையை இது நினைவூட்டினும் ஒரு வேறுபாடு பெரிது. புலவன் பொய் கூறினான் எனப் புரவலன் சான்று கேட்டதில்லை.

கொற்றவள்ளைக்கு வெளியே

அகதிகளின் எழுத்துக்கு மரபில் இடம் தேடுவோர் அகத்தையே சுற்றிவருதல் வியப்பைத் தருகின்றது. தேடவேண்டிய இடம் புறம். வஞ்சித்திணையில் பகைவர் நாடு எரியூட்டப்படுதலும், கொற்றவள்ளைத் துறையில் அந்நாட்டின் அழிவிற்கு இரங்குமாறுபோல வேந்தன் வெற்றியைப் புகழ்தலும் உண்டு. ஊர் பாழ்பட, மக்கள் சிதற, மன்றம் புல் முளைக்கும் காட்சிகள் ஆண்டு நிறைய வருகின்றன. அவற்றைக் காண்பவர் வென்றவர் பக்கத்துப் புலவர். சிதறியோர் பேசுவதில்லை, எங்குச் சென்றனர் என்பதும் கூறப்படுவதில்லை. வெற்றியின் அணியாகவே அவர்கள் தோன்றி மறைகின்றனர்.

இதற்கு விலக்காக நிற்பது பாரிமகளிர் பாடிய புறநானூற்றின் 112ஆம் பாடல். தந்தையையும் மலையையும் ஒருசேர இழந்த இரு பெண்கள் தாமே பேசும் பாடல் அது. அதன்பின் கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று ஏற்குமாறு வேண்டியதும், இருவரும் மறுத்ததும் புறநானூற்றால் அறியப்படும். மணம் வேண்டிச் சென்ற செய்தியாகவே இது கற்பிக்கப்படுகின்றது. புகலிடம் மறுக்கப்பட்ட செய்தியாகப் படிப்பின் அப்பாடல்களில் கபிலரின் சினம் வேறு பொருளுடையதாகும். குடியின் பெருமை, தந்தையின் கொடை, தம் நட்பு என அவர் அடுக்கும் காரணங்கள் எல்லாம் சான்றுகள். ஏற்போர்க்கு அவை போதவில்லை. ஈழத்துப் பெண்கவிஞர்களின் எழுத்தைச் சங்க இலக்கியத்தோடு ஒப்பிடும் ஆய்வேடுகள் ஔவையையும் வெள்ளிவீதியையும் நாடுகின்றன. பாரிமகளிரை நாடுவன குறைவு.

சித்தூர் எல்லை

மொழிபெயர் தேயம் என்னும் கருத்தைச் சித்தூரிலிருந்து நோக்குமிடத்து மற்றொரு முகம் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் வட ஆர்க்காட்டின் தலைமையிடம் சித்தூர். கண்டியின் கடைசி மன்னர் சிறீ விக்கிரமராசசிங்கர் 1816இல் தம் அரசியரோடு கப்பலேற்றி அனுப்பப்பெற்று 1832இல் இறக்கும்வரை சிறையிருந்த வேலூர், அன்று அம்மாவட்டத்தைச் சார்ந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும் படாஸ்கர் தீர்ப்பின்படியும் 1960 ஏப்பிரல் 1இல் திருத்தணி தமிழகம் வந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் வாழும் தமிழர் எங்கும் செல்லாமலே மொழி மாறிய நாட்டினர் ஆயினர். எல்லை அவர்களைக் கடந்தது. அகதியோ எல்லையைக் கடந்தவர். கடந்து தம் மொழி வழங்கும் நாட்டிற்கே வந்தவர். இலக்கணப்படி அவர் மொழிபெயர் தேயத்தில் இல்லை.

நடைமுறை வேறு. 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) திரைப்படத்தில், படகில் வந்து சென்னையில் குடியேறும் குடும்பத்திற்குத் தரப்படும் முதல் எச்சரிக்கை, தங்கள் தமிழைப் பிறர் கேட்கப் பேசவேண்டாம் என்பது. நகைச்சுவையாக அமைந்த இக்காட்சி கருத்தில் கொள்ளத்தக்கது. தமிழ்நாட்டிலேயே ஒருவர் தம் தமிழை மறைக்கவேண்டின் மொழிபெயர் தேயம் வேங்கடத்திற்கு அப்பால் தொடங்குவதாகக் கொள்ள இயலாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே கருதியது. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றியது; குடியுரிமை வினா அவ்வாறே நின்றது.

பெரிய முகாம்களுள் ஒன்றாகிய கும்மிடிப்பூண்டி முகாம் ஆந்திர எல்லையை ஒட்டியது. அருகிலுள்ள சத்தியவேடு 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. கடலற்ற பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் சூளூர்ப்பேட்டைப் பகுதியும் இணைந்த புதிய மாவட்டம் என்பதால் வேங்கடமும் வங்கக் கடலும் இன்று ஒரே ஆட்சி எல்லையில் உள்ளன. பொருள்வயின் பிரிந்து அவ்வேங்கடத்தைக் கடப்போர் இன்றும் உளர். 2015 ஏப்பிரல் 7ஆம் நாள் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தோர் எனக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளரை மாமூலனார் பாடல்களைக் கற்பிக்கும் வகுப்பில் நினையாதிருத்தல் கடினம். முகாமில் வாழ்வோர்க்கு அம்மலையும் எளிதன்று. கணக்கெடுப்பு நாளில் நேரில் நிற்கும் கடமை அவர்தம் செலவிற்கு எல்லை வகுக்கின்றது.

அம்முகாம்களில் பிறந்து வளர்ந்தோர் இப்போது எழுதத் தொடங்கும் வயதினர். அவர்கள் கடலைக் கடந்தவர் அல்லர். படகு அவர்களுக்குப் பெற்றோர் வாய்மொழி. வீட்டில் 'வெளிக்கிடுதல்' என்பர். வெளியில் 'கிளம்புதல்' என்பர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் திருவிழாவிற்குப் புறப்படுவதற்கும் ஊரைவிட்டு ஓடுவதற்கும் ஒருங்கே வழங்கிய அச்சொல், முகாமில் எப்பொருளில் எஞ்சியுள்ளது, பதிவு, பணக்கொடை போன்ற அலுவலகச் சொற்கள் தாய்மாரின் பேச்சில் எவ்வாறு கலந்துள்ளன என்பனவற்றை முகாம்தோறும் சென்று தொகுத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கள ஆய்வுத் திட்டத்தில் இது முதலிடம் பெறத்தக்கது. படகேறி வந்த தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர்.